முள்ளு, காத்து, வெயிலு: நெல்லை பக்கம் லாங் ரைடு போறவங்க என்னெல்லாம் வாங்கணும்

பாளையங்கோட்டை, தென்காசி, வள்ளியூர்னு எங்கன பாத்தாலும் இப்பம் விடியக்காலைல நாலஞ்சு பேரு ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டு சைக்கிள்ல போயிட்டு இருக்காங்க, நல்ல விஷயந்தான். ஆனா புதுசா வாரவங்க எல்லாரும் கேக்குற மொத கேள்வி "அண்ணாச்சி, கார்பன் வாங்கவா அலுமினியம் வாங்கவா"ங்கதுதான். எதையாவது வாங்குங்கப்பா, பிரேம் சைஸ் ஒங்க ஒயரத்துக்கு சரியா இருந்தா போதும். நம்ம ஊர்ல லாங் ரைட கெடுக்குறது பிரேம் இல்ல, முள்ளும் காத்தும் வெயிலுந்தான், அதனால காச அங்கன போடுங்க.

முள்ளுலருந்து ஆரம்பிப்போம். உடைமரமும் சீமைக்கருவேலும் இல்லாத ரோடு நம்ம பக்கம் எது? நாங்குநேரி தாண்டிட்டா ரெண்டு பக்கமும் அதான். விறகு ஏத்திட்டு போற வண்டிலருந்து சிந்துறது பூரா ரோட்டோரத்துல கெடக்கும், லாரிக்கு பயந்து நாம போறதும் அதே ஓரந்தான். 23, 25 சைஸ் (டயர் அகலம், மில்லிமீட்டர்ல) ரேஸ் டயர் நம்மளுக்கு ஆவாது. ஒங்க பிரேம்ல 32 போவுமான்னு பாருங்க, போவலேன்னா 28. உள்ள முள்ளு தடுக்குற லேயர் இருக்குற டயரா வாங்குங்க. ஷ்வால்பே மாரத்தான் பிளஸ்னு ஒண்ணு இருக்கு, அதுல 5 மில்லிமீட்டர் தடிமனுக்கு ரப்பர் பட்டை உள்ளயே வரும், முள்ளு தாண்டி உள்ள போறது கஷ்டம், ஆனா சரியான கனம், பத்து கிலோமீட்டர்லயே கால் சொல்லிரும். நெதம் வேலைக்கி போறவனுக்கு அது ஓகே, நாள் முழுக்க ஓட்டுறவனுக்கு அதவிட லேசான, நடுத்தர பாதுகாப்பு உள்ள டயர் போதும்னு நான் சொல்லுவேன்.

காத்து அளவுல நெறைய பேரு தப்பு பண்ணுதாங்க, கல்லு மாதிரி அடிச்சு வச்சா வேகமா போவும்னு நெனப்பு. எழுவது கிலோ ஆளுக்கு 32 டயர்ல சுமாரா 60லருந்து 65 பி.எஸ்.ஐ, 28ல 75லருந்து 80, இது போதும். அதுக்கு மேல போனா ரோட்டு குலுக்கல் எல்லாம் கைக்கும் இடுப்புக்கும் வந்துரும்.

ட்யூப்லெஸ் போடலாமானு கேட்டா, முள்ளுக்கு அதவிட நல்ல மருந்து கெடயாது. உள்ள ஊத்துற சீலன்ட் முள்ளு குத்துன ஓட்டைய அங்கனயே அடைச்சிரும், பல நேரம் குத்துனதே தெரியாது. ஆனா ரிம்மும் டயரும் ரெண்டும் ட்யூப்லெஸ்ஸுக்குன்னே செஞ்சதா இருக்கணும், அது போக சீலன்ட்ல இருக்குறது ரப்பர் பால், நம்ம சூட்டுக்கு அது வெரசா காஞ்சு போவும், ரெண்டு மாசத்துக்கு ஒருக்க தொறந்து பாத்து ஊத்தணும். அந்த பொறுமை இல்லன்னா சாதா ட்யூப்போடயே இருங்க, ஸ்பேர் ரெண்டு வச்சுக்கிடுங்க.

இப்ப பஞ்சர். கயத்தாறு தாண்டி காத்தாடி (காத்தாலை) காட்டுக்குள்ள நடுமத்தியானம் பஞ்சர் ஆனா நம்மதான் பாக்கணும், வேற ஆளு வராது. சக்கரத்த கழட்டி, வால்வு எதுத்தாப்ல இருக்குற எடத்துலருந்து டயர் லீவர (டயர நெம்பி எடுக்குற சின்ன பட்டை) குடுத்து ஒரு பக்கம் மட்டும் டயர ரிம்முக்கு வெளிய எடுங்க. ட்யூப உருவுறதுக்கு முன்னாடி வால்வு எந்த எடத்துல இருந்துச்சுன்னு டயர்ல ஒரு அடையாளம் பாத்து வைங்க, டயர்ல கம்பெனி பேரு இருக்குற எடத்த எப்பவும் வால்வுக்கு நேரா வச்சு மாட்டுனா இந்த வேலையே மிச்சம். ட்யூபுல காத்தடிச்சு கன்னத்துக்கிட்ட கொண்டு போனா ஓட்டை எங்கன்னு காத்து படும், அத டயரோட வச்சு பாத்தா முள்ளு எங்கன இருக்குன்னு தெரிஞ்சிரும். இதுலதான் நெறைய பேரு கோட்டை விடுதாங்க: சீமைக்கருவேல முள்ளு வெளிய முறிஞ்சு போயி நுனி மட்டும் டயருக்குள்ள நிக்கும், கண்ணுக்கு தெரியாது. வெரல விட்டு தடவாதீங்க, கிழிச்சிரும், ஒரு துண்டு பஞ்ச டயருக்கு உள்பக்கம் பைய ஒரு சுத்து இழுத்துட்டு வாங்க, நுனி இருக்குற எடத்துல பஞ்சு மாட்டும். அத ஒரு சின்ன இடுக்கிய வச்சு புடுங்குங்க. இத செய்யாம புது ட்யூப போட்டீங்கன்னா அடுத்த மைல் கல்லு வர்றதுக்குள்ள அதுவும் போயிரும். ஒட்டு போடுறது வீட்டுக்கு வந்து பாத்துக்கிடலாம், ரோட்ல ட்யூப மாத்திட்டு கெளம்புங்க. ஸ்பேரும் தீந்து ஒட்டித்தான் ஆவணும்னா சொல்யூஷன் தடவுனதும் ஒட்டு போட்றாதீங்க, செத்த நேரம் காய விடுங்க, ஈரமா இருந்தா பிடிக்காது.

வால்வு விஷயம் தனியா சொல்லணும். ரோட் சைக்கிள்ல வர்ற ஒல்லி வால்வு பேரு பிரெஸ்டா. ஊரு பஞ்சர் கடைல இருக்குற பம்பு பழைய வால்ட்யூப் வண்டிக்குத்தான், பெட்ரோல் பங்க்ல இருக்குறது பைக், கார் வால்வுக்கு. ஒங்க வண்டிக்கு ரெண்டுமே சேராது. பித்தளைல சின்னதா ஒரு அடாப்டர் விக்காங்க, வெரல் நகம் சைஸ்தான் இருக்கும், அத வால்வுலயே திருவி விட்ருங்க, பங்க்ல போயி அடிச்சுக்கிடலாம். ஆனா பங்க் காத்து ஒரே மூச்சுல ஏறும், டயர அமுக்கி பாத்து பாத்து அடிங்க. அப்பவும் கைப்பம்பு ஒண்ணு பிரேம்லயே இருக்கட்டும்.

அடுத்து காத்து. ஜூன்லருந்து செப்டம்பர் வரைக்கும் செங்கோட்டை கணவா வழியாவும் ஆரல்வாய்மொழி கணவா வழியாவும் மேக்கருந்து அடிக்கிற காத்து சும்மா இல்ல, முப்பந்தல்ல அத்தன காத்தாடி எதுக்கு நட்டு வச்சிருக்கான். இந்த மாசங்கள்ல தென்காசி போறதா இருந்தா இருட்டோட கெளம்பி ஆலங்குளம், பாவூர்சத்திரம்னு மேக்க ஏறிருங்க, வெயில் ஏற ஏற காத்தும் ஏறும், திரும்பும்போது அது முதுக தள்ளும். இதயே மாத்தி கெழக்க திருச்செந்தூருக்கு காலைல ஜாலியா போயிட்டு மத்தியானம் எதிர்காத்துல வந்தீங்கன்னா ஸ்ரீவைகுண்டம் வர்றதுக்குள்ள சைக்கிள விக்கலாமானு தோணும். வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு பக்கம் காத்து பக்கவாட்டுல அடிக்கும், அங்கன ஒயரமான ரிம் போட்ட சக்கரம் ஆபத்து, லாரி தாண்டும்போது ஒரு செகண்டு காத்து நின்னு மறுபடி அடிக்கும் பாத்தீங்களா, அதுல வண்டி ரோட்டுக்குள்ள போயிரும். சாதா ரிம் போதும். கியர் பல்லு எண்ணிக்கை முன்னாடி 50-34, பின்னாடி 11லருந்து 32 வரைக்கும் இருந்தா பாவநாசம் ஏத்தத்துக்கும் ஆச்சு, இந்த எதிர்காத்துக்கும் ஆச்சு.

ரூட் பாக்க சைக்கிள் கம்ப்யூட்டர் வாங்கவா போன் போதுமானு கேப்பீங்க. அரை நாள் ரைடுக்கு போன் போதும், ஆனா ஹேண்டில்ல மாட்டாதீங்க. ஐபோனுக்கே 35 டிகிரி வரைக்குந்தான் ஏத்த சூடுன்னு கம்பெனி சொல்லுது, நம்ம சித்திரை வெயில்ல ஸ்க்ரீன எரிய விட்டா அது மங்கி, கடைசில அணைஞ்சே போவும். முதுகு பாக்கெட்ல போட்டு, மேப்ப மொதல்லயே டவுன்லோடு பண்ணிட்டு, ஏரோப்ளேன் மோட்ல வைங்க, ஜிபிஎஸ் சிக்னல் வாங்க மட்டுந்தான் செய்யும், அதுக்கு டவரும் வேண்டாம் நெட்டும் வேண்டாம். 200 கிலோமீட்டர் பிரெவே (கெடு நேரத்துக்குள்ள முடிக்க வேண்டிய நெடுந்தூர ரைடு) மாதிரி போறவங்க தனி கம்ப்யூட்டரே வாங்கிருங்க, அந்த 200 கிலோமீட்டருக்கு கெடு 13 மணி நேரம் 30 நிமிஷம், டீ குடிக்கதும் பஞ்சர் பாக்கதும் அதுக்குள்ளதான். பவர் மீட்டர் (எவ்வளவு பலமா மிதிக்கீங்கன்னு அளக்குற கருவி) வேண்டாம், ஒங்க கால் வலிய காசு குடுத்து தெரிஞ்சுக்க வேண்டியதில்ல.

பவர் பேங்க் 10000 எம்ஏஹெச்னு போட்ருந்தா முழுசா கெடைக்கும்னு நெனைக்காதீங்க. அந்த கணக்கு உள்ள இருக்குற செல்லோட 3.7 வோல்ட்டுக்கு, அது யூஎஸ்பில 5 வோல்ட்டா மாறி வரும்போது நஷ்டம் போக சுமாரா 6000, 6500தான் தேறும். வயரும் ரெண்டு எடுத்துக்கிடுங்க, வயர்தான் மொதல்ல போவும்.

லைட்டுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. முன்னாடி 400 லூமன் இருந்தா இருட்டு ரோட்டுக்கு ஆவும், வெளிச்சம் மேல செதறாம ரோட்டுல மட்டும் விழுற மாதிரி வெட்டுன லென்ஸா பாருங்க. தைப்பூசத்துக்கு திருச்செந்தூர் ரோட்டுல ராத்திரி பூரா சனம் பாதயாத்திரை நடக்கும், நெறைய பேரு கைல டார்ச்சு கூட இருக்காது, ஒங்க லைட் அவங்க கண்ணுல அடிச்சா ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியாது. பின்னாடி சிவப்பு ரெண்டு போடுங்க, ஒண்ணு போனாலும் ஒண்ணு எரியும். நாலு வழிச்சாலைல அடிக்கடி போறவங்க, காசும் இருக்குன்னா கார்மின் வாரியா மாதிரி ரேடார் லைட் பாக்கலாம், பின்னாடி 140 மீட்டர்லயே வண்டி வாரத சொல்லிரும். இல்லன்னா ஒரு சின்ன கண்ணாடி, அதுவும் வேலை பாக்கும்.

வெயிலுக்கு தண்ணி பாட்டில் ரெண்டு, ஒண்ணுல வெறும் தண்ணி, ஒண்ணுல ஓஆர்எஸ். பாக்கெட்ல என்ன அளவு போட்ருக்கோ அந்த அளவு தண்ணிதான், கம்மியா ஊத்தி கலக்காதீங்க. திங்கதுக்கு வெளிநாட்டு ஜெல் எல்லாம் எதுக்கு, கோவில்பட்டி கடலை மிட்டாய் சட்டை பையில கெடந்தா உருகாது, கெடாது. பேட் வச்ச ஷார்ட்ஸுக்குள்ள ஜட்டி போடக் கூடாது, இத சொல்ல எல்லாரும் கூச்சப்படுதாங்க, அப்புறம் தோல் உரிஞ்சு ஒரு வாரம் உக்கார முடியாம கெடக்காங்க.

கடைசியா செயின். குதிரைமொழி தேரி பக்கம் போயிட்டு வந்தா செம்மண் பூரா செயின்ல இருக்கும், அதுக்கு மேலயே ஆயில ஊத்துனா அரைக்கத்தான் செய்யும். பழைய வேட்டி துணிய வச்சு நல்லா தொடச்சிட்டு, சொட்டு சொட்டா விட்டு, மேல இருக்கத மறுபடி தொடச்சிருங்க. தேஞ்சுருக்கானு பாக்க தனி டூல் வேண்டாம், இரும்பு ஸ்கேல் போதும். ஒரு பின்ன ஸ்கேல் பூஜ்யத்துல வச்சு, அதுக்கு அடுத்த பின்ன ஒண்ணுன்னு எண்ணுனா இருவத்தி நாலாவது பின்னு சரியா 12 இஞ்சுல நிக்கணும். ஒரு இஞ்சுல பதினாறுல ஒரு பங்கு தாண்டி நின்னா செயின மாத்துங்க, எட்டுல ஒரு பங்கு தாண்டிருச்சுன்னா பின்னாடி பல்சக்கரத்துக்கும் சேத்து காசு எடுத்து வைங்க.