பார்சிலோனாவில் பாய்ப்படகு: ஒத்திகை மும்பையில்

பார்சிலோனா போகிறீர்கள், அங்கே குடும்பத்துக்கென்று தனியாக ஒரு பாய்ப்படகு எடுக்க ஆசை என்றால், முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்வே ஆஃப் இந்தியாவுக்குப் போய்வாருங்கள். விசா, டிக்கெட், ஹோட்டல் எல்லாம் அப்புறம்.

நான் சயான் கோலிவாடாவில் இருக்கிறேன். பூர்வீகம் தூத்துக்குடி. தாத்தா கொழும்புக்குத் தோணி ஓட்டிய தண்டல், அதாவது தோணித் தலைவர். எனக்கு வேலை பல்லார்டு எஸ்டேட்டில், கப்பல் ஏஜென்சி ஒன்றில். அந்த வேலை தொடர்பாகப் பார்சிலோனா போய், அந்தக் கடலில் பாய்ப்படகும் ஏறியிருக்கிறேன். அதனால் மாட்டுங்கா, செம்பூர், தாராவி என்று தெரிந்த வீடுகளில் யார் ஐரோப்பா கிளம்பினாலும் கடல் சம்பந்தமான கேள்விகள் என்னிடம் வந்துவிடும். எல்லோரும் முதலில் கேட்பது "சன்செட்டுக்குப் படகு எவ்வளவு ஆகும்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, "உங்களுக்குக் காற்று வேணுமா, படம் வேணுமா?" இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மற்ற முடிவுகள் தன்னால் வந்துவிடும்.

கேட்வே எதற்கு என்று சொல்கிறேன். அங்கே மழைக்காலம் போக மற்ற மாதங்களில் சின்னப் பாய்ப்படகுகள் வாடகைக்குக் கிடைக்கும். பெரும்பாலும் சிறு படகில் ஏற்றி, கடலுக்குள் கட்டியிருக்கும் பாய்ப்படகுக்கு அழைத்துப் போவார்கள். ஒரு மணி நேரம் போதும். தாஜ் ஹோட்டலையும் ஊரையும் கடல் பக்கமிருந்து பார்ப்பது தனி சந்தோஷம்தான், ஆனால் அன்றைக்கு நீங்கள் பார்க்க வேண்டியது உங்கள் வீட்டு மனிதர்களை. யாருக்குக் குமட்டுகிறது? யாரால் ஒரு படகிலிருந்து இன்னொன்றுக்குக் கால் வைத்துத் தாண்ட முடிகிறது? படகு சாயும்போது யார் முகம் மாறுகிறது? இவற்றை யூரோ செலவழித்துத் தெரிந்துகொள்ள வேண்டாம். கடற்படைக் கப்பல்கள் பக்கம் மட்டும் கேமராவைத் திருப்பாதீர்கள்.

பாய்ப்படகு சாயத்தான் செய்யும். செம்பூர் மாமி ஒருவரைக் கேட்வேயில் ஏற்றியபோது முதல் சாய்விலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏம்ப்பா, கவுந்துடுமா?" "கவுறாது மாமி. அடியில கீல்னு ஒரு தகடு, கனமா ஈயமோ இரும்போ வச்சு, தொங்குது. காத்து சாய்க்கச் சாய்க்க அது இழுத்து நிமிர்த்தும்." அதைக் கேட்ட பிறகுதான் கையை விட்டார். சாய்வு அதிகமென்று தோன்றினால் பாயைச் சுருக்கச் சொல்லலாம். எந்த நல்ல படகோட்டியும் முகம் சுளிக்க மாட்டார். இந்த இரண்டும் தெரிந்து ஏறுகிற பெரியவர்களுக்குப் பாதி பயம் போய்விடும்.

மும்பைக்கும் பார்சிலோனாவுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் ஓதம். இங்கே பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி நீர்மட்டம் நாலு மீட்டருக்கு மேலும் ஏறி இறங்கும். வற்றிய நேரத்தில் கேட்வே படிக்கட்டில் பாசி வழுக்கும். மத்தியதரைக் கடலில் ஓதம் பெயருக்குத்தான். பார்சிலோனாவில் அது ஒரு சாண் அளவுதான் இருக்கும். அதனால் அங்கே ஏறுவது எளிது. படகின் பின்பக்கத்தைக் கரையோடு சேர்த்துக் கட்டி, குறுகலான பலகை ஒன்று போட்டிருப்பார்கள். கேட்வேயில் தாண்டியவர் அங்கே தாராளமாக ஏறிவிடுவார். நீரோட்டக் கணக்கும் அவ்வளவாகக் கிடையாது. எல்லாம் காற்றுதான்.

அந்தக் காற்றின் பழக்கம் என்னவென்றால், வசந்தகாலம் முதல் இலையுதிர்காலத் தொடக்கம் வரை நல்ல வெயில் நாட்களில் காலையில் கடல் கண்ணாடி மாதிரி கிடக்கும். வெயில் ஏறி நிலம் சூடானதும், மதியத்தை ஒட்டித் தென்மேற்கிலிருந்து கடற்காற்று கிளம்பும். அவர்கள் அதைக் கர்பி என்கிறார்கள். இரண்டு மணிக்கு மேல் நன்றாகப் பிடித்து, வெயில் சாயச் சாயத் தளர்ந்துவிடும். ஆக, நிஜமாகவே பாய் விரித்து, என்ஜினை அணைத்து, தண்ணீர் உரசும் சத்தம் மட்டும் கேட்கப் போக வேண்டுமென்றால் மதியம் இரண்டிலிருந்து ஐந்துக்குள் படகு எடுங்கள். சன்செட் பயணத்தில் பல நாட்கள் காற்று இருக்காது. பாயை அழகுக்கு விரித்துவிட்டு என்ஜினில்தான் ஓட்டுவார்கள். குழந்தைகளும் கால்வலி உள்ள பெரியவர்களும் இருந்தால் அந்த அமைதியும் நல்லதுதான், ஆனால் தெரிந்து தேர்ந்தெடுங்கள்.

சன்செட் பற்றி இன்னொன்று. மரைன் டிரைவில் உட்கார்ந்து பழகிய நமக்குச் சூரியன் கடலில் விழும் என்ற நினைப்பு இருக்கும். பார்சிலோனாவின் கரை தென்கிழக்கைப் பார்த்தது. சூரியன் கடலில் உதித்து, ஊருக்குப் பின்னால் உள்ள மலைப்பக்கம் மறையும், நம் கேட்வே பக்கம் போல. திபிதாபோ மலையும் அதன் உச்சியில் உள்ள தேவாலயமும் கறுத்துத் தெரிய, பின்னால் வானம் சிவக்கும். அதுவும் ஜூன் கடைசியில் இரவு ஒன்பதரை மணி வாக்கில்தான். இரவுச் சாப்பாட்டுக் கணக்கை அதற்கேற்பப் போடுங்கள். கடலில் சூரியனைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் விடியற்காலைப் பயணம் கிடைக்குமா என்று கேட்கலாம்.

ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது கிழக்குக் காற்றிடம். தூத்துக்குடியில் கொண்டல் என்போம், அங்கே லெவாந்தே. திறந்த கடலில் நெடுந்தூரம் ஓடி வருவதால் பெரிய அலையைத் தள்ளிக்கொண்டு வரும். காற்று நின்ற பிறகும் அந்த அலை அடங்க நேரமாகும். வெயில் அடிக்கிறதே என்று நினைக்காதீர்கள். விண்டி, விண்ட்குரு போன்ற செயலிகளில் காற்றையும் அலை உயரத்தையும் சேர்த்துப் பாருங்கள். காற்றின் வேகம் 5 நாட்டுக்கு (knot; ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்) கீழே என்றால் பாய் தொங்கும். 8 முதல் 14 வரை குடும்பத்துக்குச் சுகம். 20-ஐத் தாண்டினால் பெரியவர்களை ஏற்ற வேண்டாம். இதனால்தான் படகை ஊரில் தங்கும் கடைசி நாளில் வைக்கக் கூடாது. இரண்டாம் நாள் வையுங்கள். காற்று கெட்டால் மறுநாளுக்கு மாற்றிக்கொள்ள இடம் இருக்கும்.

மாதம் என்று கேட்டால் மே, ஜூன், செப்டம்பர். மும்பைப் பள்ளிகளின் மே விடுமுறை சரியாகப் பொருந்தும், ஆனால் மே மாதத்தில் தண்ணீர் சில்லென்று இருக்கும். குதித்து நீந்துவதற்குத்தான் போகிறீர்கள் என்றால் செப்டம்பர்.

எந்தத் துறையிலிருந்து கிளம்புவது என்பதும் முக்கியம். போர்ட் ஒலிம்பிக் 1992 ஒலிம்பிக்கின் பாய்ப்படகுப் போட்டிகளுக்காகக் கட்டியது. வாசலைத் தாண்டினால் உடனே திறந்த கடல். மெட்ரோவில் மஞ்சள் நிற நாலாம் வழியில் சியுதாதெல்யா விலா ஒலிம்பிகா நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். போர்ட் வெல் என்பது ராம்ப்லா தெருவின் கீழ்முனையில், 60 மீட்டர் உயரக் கொலம்பஸ் தூணுக்கு அருகே உள்ள பழைய துறைமுகம். பார்க்க அழகு, ஆனால் துறைமுகத்துக்குள்ளேயே மெதுவாக என்ஜினில் ஊர்ந்து வெளியே வர வேண்டும். இரண்டு மணி நேர வாடகையில் போக வர அந்த நேரம் கழிந்துவிடும். நேரம் குறைவென்றால் நான் போர்ட் ஒலிம்பிக்தான் சொல்வேன்.

வெளியே வந்ததும் ஊர் முழுவதும் ஒரே வரிசையில் நிற்கும். ஒரே உயரத்தில், 154 மீட்டரில், இரண்டு கோபுரக் கட்டடங்கள். அவற்றின் காலடியில் ஃபிராங்க் கேரி வடிவமைத்த பொன்னிற மீன். தெற்கே பாய்மர வடிவில் ஒரு ஹோட்டல், அதற்கும் அப்பால் மோன்ஜுயிக் குன்றும் கோட்டையும். வடகிழக்கே, சந்த் அத்ரியாவின் மூன்று பெரிய புகைபோக்கிகள். நடுவில் வீட்டுக் கூரைகளுக்கு மேலே, 1882-ல் கட்டத் தொடங்கிய சக்ராதா ஃபமீலியா தேவாலயம். தெருவில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது பிடிபடாத அதன் உயரம் கடலிலிருந்து பார்க்கும்போதுதான் விளங்கும். பார்சலோனெத்தா கடற்கரைக்கு முன்னால் படகை நிறுத்தி நீந்தலாம் என்று எண்ண வேண்டாம். குளிப்பவர்களுக்கான பகுதி கரையிலிருந்து 200 மீட்டர் வரை. அதற்கு வெளியேதான் நிற்க முடியும்.

சிட்ஜெஸ் வரை போகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். பாய்ப்படகின் வேகம் 5, 6 நாட். அதாவது மணிக்கு ஒன்பது முதல் பதினொரு கிலோமீட்டர். சிட்ஜெஸ் சுமார் 35 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. முழு நாள் எடுத்தாலும் பெரும்பகுதி போக வரவே சரியாகிவிடும். முதல் முறை போகிறவர்களுக்கு மூன்று மணி நேரம், ஊரின் முன்னாலேயே, போதும். இரண்டு மணி நேரம் என்பது கட்டு அவிழ்க்கவும் திரும்பக் கட்டவும் போக ஒன்றரைதான்.

பதிவு செய்யுமுன் கேட்க வேண்டியவற்றை எழுத்தில் கேளுங்கள். விலை படகுக்கா, தலைக்கா? தனிப் படகென்றால் படகுக்குத்தான் இருக்க வேண்டும். படகோட்டி, எரிபொருள், 21 சதவீத வரி எல்லாம் சேர்ந்ததா? காற்று மோசமென்றால் முடிவெடுப்பது யார், பணம் திரும்புமா, தேதி மட்டும் மாறுமா? குழந்தை அளவில் உயிர்காப்பு உடை உண்டா? கழிவறை உண்டா? நம் வீட்டுப் பெண்கள் கடைசிக் கேள்வியை வெளியில் கேட்கத் தயங்குவார்கள். நீங்களே கேட்டுவிடுங்கள். ஒரு படகில் பயணிகள் 12 பேர்தான், அதற்கு மேல் என்றால் இரண்டு படகு. முழங்கால் வலி உள்ளவர்களும் சாய்வுக்குப் பயந்தவர்களும் இருந்தால் இரட்டை உடல் கொண்ட கட்டமரான் கேளுங்கள். அது அவ்வளவாகச் சாயாது. வாடகை கூடும், ஆனால் அவர்களுக்கு அது தகும்.

படகின் பக்கத்தில் எழுதியிருக்கும் பதிவு எண்ணின் படம் ஒன்றும் கேளுங்கள். ஸ்பெயினில் பதிவானது 6 என்று தொடங்கினால் வாடகைத் தொழிலுக்கான படகு. 7 என்று தொடங்கினால் சொந்த உபயோகத்துக்கானது. அப்போது வாடகைக்கு விட அனுமதியும் காப்பீடும் இருக்கிறதா என்று விசாரிக்காமல் பணம் அனுப்பாதீர்கள். கார்டு இழுக்கும்போது ரூபாயிலா யூரோவிலா என்று மெஷின் கேட்டால் யூரோ.

விசாவைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: ஷெங்கன் குறுகியகால விசா, பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுவரை 45, அதற்குக் கீழே இலவசம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே போடலாம், குறைந்தது 15 நாளாவது முன்னால் போட வேண்டும். 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். மே மாதப் பயணத்துக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது சிரமம், முன்கூட்டியே பாருங்கள்.

சாப்பாட்டில் கவனம் வேண்டும். படகில் தட்டு வைப்பார்கள், அதில் பன்றித் தொடைக்கறி இருக்கும். சைவம் என்று சொன்னால் அதை எடுத்துவிட்டுச் சூரை மீன் வைக்கும் இடங்கள் உண்டு. ஆகவே ஸ்பானிஷில் பட்டியலாகவே எழுதி அனுப்புங்கள்: சின் கார்னே (இறைச்சி வேண்டாம்), சின் ஹமோன் (பன்றித் தொடைக்கறி வேண்டாம்), சின் பெஸ்காதோ (மீன் வேண்டாம்), சின் அதூன் (சூரை வேண்டாம்). முட்டையும் வேண்டாமென்றால் சின் உவேவோ. அங்கே தொர்த்தீயா என்பது முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்ந்தது. தக்காளியும் ஆலிவ் எண்ணெயும் தேய்த்த ரொட்டி, ஆலிவ், பாதாம், பழம் என்று கேட்டால் எல்லோருக்கும் ஆகும். வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள், வயிறு முட்டவும் வேண்டாம். இஞ்சி மரப்பா இங்கிருந்தே எடுத்துப் போங்கள். கேட்வேயில் குமட்டியவர்களுக்கு என்ன மாத்திரை என்று உங்கள் டாக்டரிடம் கேட்டு, படகு கிளம்புவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். குமட்டத் தொடங்கிய பிறகு போட்டுப் பயன் குறைவு. தலைசுற்றினால் படகின் உள்ளறைக்குள் போய்ப் படுக்காமல், வெளியே பின்பக்கம் உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்க்க வேண்டும்.

புடவை வேண்டாம், சல்வாரில் துப்பட்டாவும் வேண்டாம், கயிறுகளில் சிக்கும். கறுப்பு ரப்பர் அடிப்பாகம் உள்ள செருப்பு தளத்தில் கறை போடும், பெரும்பாலும் வெறுங்காலோடு வரச் சொல்வார்கள். மே மாதத்திலும் மாலையில் குளிரும், ஒரு மெல்லிய ஜாக்கெட் இருக்கட்டும். பாஸ்போர்ட்டை ஹோட்டல் பெட்டகத்தில் வைத்துவிட்டு நகல் எடுத்துப் போங்கள். மெட்ரோவில் பிக்பாக்கெட் தொல்லை உண்டு.

ஏறியதும் உயிர்காப்பு உடை எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். பாயின் அடியில் கிடைமட்டமாக இருக்கும் கட்டை, படகு திரும்பும்போது சட்டென்று ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வீசும். படகோட்டி குரல் கொடுத்ததும் தலையைக் குனிய வேண்டும்; குழந்தைகளுக்கு இதைத் துறையிலேயே சொல்லிப் பழக்குங்கள். நகரும்போது ஒரு கை எப்போதும் எதையாவது பிடித்திருக்கட்டும். சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் உட்காருங்கள்.

பிறகு சுக்கானைக் கேளுங்கள். காற்று நிதானமாக இருந்தால் பெரும்பாலும் தருவார்கள். இதைக் கேட்காமல் இறங்கி வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. திசைக்குத் தூரத்தில் ஒரு அடையாளத்தைக் காட்டுவார், அதைப் பார்த்தே பிடியுங்கள். சுக்கானைக் கொஞ்சமாகத் திருப்பி, படகு பதில் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். பத்து நிமிடத்தில் கைக்குக் காற்று தெரியத் தொடங்கும். அதற்காகத்தான் பகல் நேரத்தை எடுக்கச் சொன்னேன்.

இறங்கும்போது டிப்ஸ் கட்டாயமில்லை. மனம் நிறைந்தால் கொடுக்கலாம். கரைக்கு வந்த பிறகும் சிலருக்குத் தரை ஆடுவது போல இருக்கும், அன்றைக்கே குன்றின் மேலுள்ள பார்க் குவெல் பூங்காவின் ஏற்றத்தை வைத்துக்கொள்ளாதீர்கள்.