ஆர்வலர்: இந்தச் சொல்லை எங்கே தவறாக எழுதுகிறோம்?

"அவர் வெறும் ஆர்வலர்தான், வல்லுநர் இல்லை." இப்படி ஒரு வாக்கியத்தைப் படிக்கும்போதெல்லாம் அந்த 'வெறும்' என்னை உறுத்தும். ஆர்வலர் என்றால் அரைகுறையாகத் தெரிந்தவர் என்று பொருள் கொள்வதுதான் இந்தச் சொல்லில் நிகழும் பெரிய தவறு. அரைகுறைக்குக் கற்றுக்குட்டி என்ற சொல் தனியே இருக்கிறது. அது திறமையின் அளவைச் சொல்கிறது. ஆர்வலர் என்பது ஒருவர் ஏன் அந்தத் துறையில் இருக்கிறார் என்பதைச் சொல்கிறது.

வள்ளுவரிடமே இந்தச் சொல் இருக்கிறது. 'அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ் ஆர்வலர் புன்கணீர் பூசல் தரும்' என்ற 71ஆம் குறளில் ஆர்வலர் என்றால் அன்புடையவர். ஆர்வலருக்கு இணையாக ஆங்கிலத்தில் வழங்கும் அமெச்சூர் (amateur) என்ற சொல்லும் 'அன்பு செய்' எனப் பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அந்த அன்பைக் கழித்துவிட்டு 'திறமை போதாதவர்' என்பதை மட்டும் மிச்சம் வைப்பது சொல்லுக்குச் செய்யும் அநியாயம்.

வானியலைப் பாருங்கள். 1781இல் யுரேனஸைக் கண்டறிந்தபோது வில்லியம் ஹெர்ஷலின் பிழைப்பு இசை. 1995இல் ஹேல்-பாப் வால்வெள்ளியை ஒரே இரவில் தனித்தனியே இருவர் கண்டார்கள். ஆலன் ஹேல் முறையாகப் படித்த வானியலாளர். தாமஸ் பாப் கட்டுமானப் பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர். அன்று அவர் பார்த்தது நண்பரின் தொலைநோக்கியில். இங்கே 'வானியல் ஆர்வலர் பாப்' என்று எழுதினால் அது முழு மரியாதை. 'வெறும்' சேர்த்தால் அது பிழை.

அடுத்த குழப்பம் தன்னார்வலர். கேட்காமலே முன்வந்து, கூலி வாங்காமல் ஒரு பணியைச் செய்பவர் தன்னார்வலர். வெள்ள நிவாரணத்தில் உணவுப் பொட்டலம் கட்டுபவருக்குப் பொட்டலம் கட்டுவதில் ஆர்வம் இருக்க வேண்டியதில்லை, உதவும் மனம் போதும். அதிகாலையில் தனியாகப் பறவை பார்க்கப் போகிறவர் யாருக்கும் தொண்டு செய்யவில்லை. அவர் பறவை ஆர்வலர். தன்னார்வலர் என்பதைச் சேர்த்தே எழுத வேண்டும். 'தன் ஆர்வலர்' என்று பிரித்தால், குறளின் பொருளில், தன்மேல் அன்புடையவர் என்று ஆகிவிடும்.

'சமூக ஆர்வலர்' செய்திகளில் நிலைத்துவிட்டது, அதை இனி விரட்ட முடியாது. ஆனாலும் வழக்குப் போட்டு, போராடி, சிறை செல்பவருக்குச் செயற்பாட்டாளர் என்பதே பொருந்தும் என்பது என் கருத்து. ஆர்வம் அங்கே மிகவும் மென்மையான சொல்.

அறிவிப்புகளில் அடிக்கடி வரும் பிழை ஒன்று: 'பயிற்சியில் சேர ஆர்வலர்கள் விண்ணப்பிக்கலாம்.' விண்ணப்பிக்கப் போகிறவர்கள் ஆர்வமுள்ளவர்கள், அல்லது விருப்பமுள்ளோர். இன்று தோன்றிய விருப்பம் ஒருவரை ஆர்வலர் ஆக்கிவிடாது. நெடுநாள் ஈடுபாடு அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. அதேபோல் 'அவர் ஓர் ஆர்வலர்' என்று மொட்டையாக நிறுத்தாதீர்கள். எதில் என்று வாசகர் கேட்பார். நாணயவியல் ஆர்வலர், தாவர ஆர்வலர் என்று துறை முன்னால் வர வேண்டும். எழுத்தில் 'ஆர்வளர்' வேண்டாம், 'ல'தான் சரி.

அமெச்சூர் என்று வரும் இடமெல்லாம் ஆர்வலர் என்று போட்டுவிடவும் முடியாது. விளையாட்டில் அது விதி சார்ந்த சொல். 1912 ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்ற ஜிம் தோர்ப், அதற்கு முன் காசு வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடியதற்காக அமெச்சூர் தகுதியையும் பதக்கங்களையும் இழந்தார். அவரை 'ஆர்வலர் தகுதி இழந்தவர்' என்று எழுதினால் யாருக்கும் புரியாது. பொழுதுபோக்காக வானொலிக் கருவி வைத்துப் பிறரோடு பேசும் அமெச்சூர் வானொலியும் அப்படித்தான். அதை இயக்க உரிமம் வேண்டும், பல நாடுகளில் தேர்வும் எழுத வேண்டும். வருவாய் நோக்கம் கூடாது என்பதே அங்கே அந்தச் சொல்லின் பொருள். இந்த இரண்டு இடங்களிலும் நான் அமெச்சூர் என்றே விட்டுவிடுவேன்.