ஒரே லேப்டாப்பில் மூன்று தளங்கள்

கும்பகோணத்தில் என் மாடி அறையில், ஒரே லேப்டாப்பில் மூன்று இணையதளங்கள் ஒரே சமயம் ஓடும்: அரிசி மண்டிக்கு ஒன்று, பாத்திரக்கடைக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று. முன்பெல்லாம் லோக்கல்ஹோஸ்ட்டில், அதாவது என் லேப்டாப்பின் சொந்தப் பெயரில், 8001, 8002, 8003 என்று போர்ட் எண்ணை (ஒரே கணினியில் தளத்துக்குத் தளம் தனி வாசல் எண்) மட்டும் நம்பியிருந்தேன். மண்டியில் லாகின் செய்தால் கடையிலிருந்து லாகவுட் ஆகிவிடும். லாகினை நினைவில் வைக்க பிரவுசர் சேமிக்கும் குக்கீ, போர்ட்டைப் பார்ப்பதில்லை, தளத்தின் பெயரைத்தான் பார்க்கும். மூன்றுக்கும் தளப் பெயர் லோக்கல்ஹோஸ்ட்தான், குக்கீயின் பெயரும் ஒன்றே; அதனால் ஒன்று மற்றதை அழித்துவிடும். ஆகவே தளத்துக்கு ஒரு பெயர் வையுங்கள்.

எந்தப் பெயர் எந்த முகவரி என்று கணினி பார்க்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் 127.0.0.1 (உங்கள் கணினியின் சொந்த முகவரி) என்று எழுதி, பக்கத்தில் மண்டி.டெஸ்ட், கடை.டெஸ்ட், பள்ளி.டெஸ்ட் என்று ஆங்கில எழுத்தில் சேருங்கள். டெஸ்ட் என்ற முடிவு 1999 முதலே சோதனைக்கென ஒதுக்கப்பட்டது. டெவ் என்று முடிக்க வேண்டாம், பிரவுசர் எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பைக் கேட்டு அடம்பிடிக்கும்.

அப்புறம் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருள். கல்லணையில் வந்த தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறதே, அதே வேலைதான்: 80ஆம் போர்ட்டுக்கு வருவதையெல்லாம் பெயர் பார்த்துப் பிரித்துவிடும். அதன் அமைப்புக் கோப்பில் தளத்துக்கு ஒரு சர்வர் பிளாக், அதாவது அந்தத் தளத்துக்கான பகுதி. சர்வர் நேம் என்ற வரியில் தளத்தின் பெயர், ப்ராக்ஸி பாஸ் என்ற வரியில் அதன் போர்ட். பிரவுசர் கேட்ட தளப் பெயரான ஹோஸ்ட் ஹெடரைத் தளத்துக்கு அனுப்பும் வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். நான் விட்டேன், மண்டி தளத்தின் லிங்க் எல்லாம் 127.0.0.1:8001 என்றே வந்து, காரணம் தேடுவதிலேயே அரை நாள் போயிற்று.

சேமித்ததும் என்ஜின்எக்ஸின் சோதனைக் கட்டளையை ஓட்டுங்கள். அரைப்புள்ளி ஒன்று விட்டுப்போனாலும் வரி எண்ணோடு சொல்லும். சரியென்றால் ரீலோட் கொடுத்து, பிரவுசரில் மண்டி.டெஸ்ட் தட்டிப் பாருங்கள்.