வண்ண இசைத்தட்டு வாங்கும்போது நிறத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

1950களின் ராக் அண்ட் ரோல் படப் பாடல்கள் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று வண்ண எல்.பி.களாக (நீண்ட நேரம் ஒலிக்கும் பெரிய இசைத்தட்டுகளாக) திரும்பத் திரும்ப வருவதற்கு ரசிகர்களின் ஆசை மட்டும் காரணமல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒலிப்பதிவு உரிமை முன்பு 50 ஆண்டுதான். 2013-ல் அது 70 ஆனது. ஆனால் 1962 வரை வெளியானவை அதற்குள் காலாவதியாகியிருந்தன. ஆகவே மூல நாடாவை, அதாவது முதல் ஒலிப்பதிவு நாடாவை, கண்ணால் பார்க்காத நிறுவனமும் ஒரு சி.டி.யை வைத்துத் தட்டு அடித்துவிடலாம். உறையில் முதலில் தேட வேண்டியது மூல நாடா பற்றிய குறிப்பும் மாஸ்டரிங் (தட்டு அடிப்பதற்கு முன் ஒலியைச் சீர்செய்யும் வேலை) செய்தவர் பெயரும்தான். இரண்டும் இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். '180 கிராம்' என்பது தட்டின் எடை மட்டுமே, அதனால் ஒலியின் தரம் உயராது.

அடுத்தது பாடல் பட்டியல். எல்விஸ் பிரெஸ்லி நடித்த 'ஜெயில்ஹவுஸ் ராக்' படப் பாடல்கள் 1957-ல் 5 பாடல் கொண்ட இ.பி.யாகத்தான் (எல்.பி.யைவிடக் குறைவான பாடல்கள் கொண்ட தட்டாகத்தான்) வந்தன. அதே பெயரில் இன்று முழு எல்.பி. விற்றால் மீதிப் பாடல்கள் வெளியிலிருந்து சேர்த்தவை. தெரிந்து வாங்கினால் தவறில்லை.

ஸ்டீரியோ, அதாவது இரு ஸ்பீக்கருக்கும் தனித்தனி ஒலி தரும் எல்.பி. கடைக்கு வந்ததே 1958-ல். அதற்கு முந்தைய பாடலுக்கு 'ஸ்டீரியோ' என்று போட்டிருந்தால், மோனோவை (ஒற்றைத் தட ஒலியை) பின்னாளில் பிரித்துச் செய்த போலி ஸ்டீரியோவாக இருக்க வாய்ப்பு அதிகம்: ஒரு பக்கம் கனத்த ஒலி, மறுபக்கம் கீச்சொலி, மேலே தேவையற்ற எதிரொலி. மோனோவையே எடுங்கள். மறுவெளியீட்டுக்கு வழக்கமான ஸ்டீரியோ முள்ளே போதும். ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள், பாதி இரைச்சல் அடங்கிவிடும்.

இப்போது நிறம். தட்டு செய்யும் பிளாஸ்டிக்கான வினைல் இயல்பில் நிறமற்றது, கருப்பும் கரித்தூள் சேர்த்து வருவதுதான். ஒரே நிறத்தில் ஒழுங்காக அடித்த தட்டு கருப்புக்குச் சளைத்ததல்ல. பல நிறம் தெறித்த தட்டுகளில் சற்று அதிக இரைச்சல் வரலாம். இருட்டில் ஒளிர்பவையும் படம் பதித்த தட்டுகளும் சுவருக்குத்தான் அழகு. படத் தட்டில் அச்சிட்ட தாளின் மேல் ஒட்டிய மெல்லிய படலத்தில்தான் முள் ஓடும் பள்ளம் இருக்கிறது.

தட்டு வந்ததும் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். தையல் போட்டது போலப் புள்ளி வரிசையோ மங்கிய பட்டையோ தெரிந்தால், அங்கே அச்சில் வினைல் முழுதாக நிரம்பவில்லை. ஒலிக்கும்போது துணி கிழிவது போலக் கேட்கும், பெரும்பாலும் ஒரே பக்க ஸ்பீக்கரில். கழுவினாலும் போகாது, திருப்பி அனுப்புங்கள். ஒவ்வொரு சுற்றிலும் முள்ளைத் தாங்கும் கை இடமும் வலமும் ஆடினால் நடுத்துளை விலகியிருக்கிறது. மெதுவான பாட்டில் சாக்ஸஃபோன் நீட்டும் சுரம் அலைவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

சாதாரண 'சடசட' மட்டும் கேட்டால் அது தூசும் நிலைமின்சாரமுமாக இருக்கலாம். காய்ச்சி வடித்த நீர் 4 பங்கு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 1 பங்கு, மணமில்லாத பாத்திர சோப்பு ஓரிரு துளி. மென்துணியில் தொட்டுப் பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, வெறும் வடிநீரால் இன்னொரு முறை துடையுங்கள். நடு லேபிள் நனையக்கூடாது. இந்தக் கலவை பழைய 78 சுற்று அரக்குத் தட்டுக்கு எமன், அங்கே ஆல்கஹால் வேண்டாம்.

ஒளி ஊடுருவும் தட்டில் இன்னொரு வம்பு உண்டு. ஒளி உணரியால் தட்டைக் கண்டறியும் தானியங்கி டர்ன்டேபிள், தட்டே இல்லை என்று நினைத்து முள்ளை இறக்காமல் போகலாம். கையால் இறக்குங்கள். பாடல்களின் இடைவெளியும் சட்டென்று தெரியாது, பக்கவாட்டு வெளிச்சம் வேண்டும். முள்ளின் அழுத்தம் கார்ட்ரிட்ஜுடன் (முள் பொருத்திய சிறு பாகத்துடன்) வரும் தாளில் உள்ளபடியே இருக்கட்டும், பலவற்றுக்கு 2 கிராமை ஒட்டி.

வெளியுறைக்கு பி.வி.சி. கவர் வேண்டாம், நாளடைவில் தட்டில் புகைபோல் படியும். பாலிப்ரொப்பிலீன் நல்லது. வெயில் பட்டால் நிறம் வெளிறும். கடையில் சுற்றி வந்த பிளாஸ்டிக்கைக் கழற்றிவிடுங்கள், இறுகி இறுகித் தட்டை வளைத்துவிடும். வண்ணத்தைக் குறிக்கும் ஸ்டிக்கர் அதன் மேல்தான் இருக்கும், அதை வெட்டி உறைக்குள் போட்டு வையுங்கள்.