வைரல் லோடு ரிப்போர்ட் கையில் இருக்கிறது, எப்படிப் படிப்பது?

எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரை தொடங்கி ஆறு மாதம் ஆனதும் வைரல் லோடு பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பார்கள். வெறும் வயிற்றில் போகவேண்டிய அவசியமில்லை. ரிப்போர்ட்டில் ஒரு எண் இருக்கும், அல்லது எண்ணே இல்லாமல் ஓர் ஆங்கில வரி இருக்கும். அதைப் பார்த்துத் தூக்கம் கெடுகிறவர்கள் உண்டு. "வைரஸ் போயே போச்சு" என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. எனக்கு அதிகக் கவலை இந்த இரண்டாவது ஆட்களைப் பற்றித்தான். சிகிச்சைக்குப் புதிதாக வந்தவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்கும் இதை எழுதுகிறேன்.

படி 1: எது வைரல் லோடு, எது சி.டி.4?

இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒரு மில்லிலிட்டர் பிளாஸ்மாவில் (ரத்தத்தின் நீர்ப்பகுதி) எச்.ஐ.வி. எத்தனை பிரதிகள் இருக்கிறது என்பது வைரல் லோடு. பக்கத்தில் "காப்பீஸ்/எம்.எல்." என்று போட்டிருக்கும். இது இறங்கவேண்டும். சி.டி.4 என்பது உடம்பின் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை. அது ஏறவேண்டும். ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் வைரல் லோடு சில மாதங்களிலேயே இறங்கிவிடும். சி.டி.4 மெல்ல மெல்லத்தான் ஏறும், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் ஆகும். அது மெதுவாக ஏறுகிறது என்பதற்காக மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டவேண்டாம்.

படி 2: ரத்தம் எடுத்த தேதியைப் பாருங்கள்

ரிப்போர்ட் அச்சான தேதி முக்கியமில்லை, ரத்தம் எடுத்த தேதிதான் முக்கியம். அந்தச் சமயத்தில் கடுமையான காய்ச்சல் வந்திருந்ததா, ஏதாவது தடுப்பூசி போட்டிருந்தீர்களா, ஊருக்குப் போன இடத்தில் மாத்திரை விட்டுப்போனதா என்று யோசித்து ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்கும்போது உதவும்.

படி 3: எண்ணுக்கு முன்னால் உள்ள குறியை விட்டுவிடாதீர்கள்

இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். "<40" என்று இருந்தால் உங்களுக்கு 40 வைரஸ் இருக்கிறது என்று அர்த்தமில்லை. அந்த இயந்திரத்தால் 40க்குக் கீழே சரியாக எண்ண முடியாது, உங்கள் அளவு அதற்கும் கீழே இருக்கிறது, அவ்வளவுதான். இயந்திரத்தைப் பொறுத்து இந்த வரம்பு 20, 40, 50 என்று மாறும். போன முறை "<20", இந்த முறை "<40" என்றால் வைரஸ் இரட்டிப்பாகவில்லை, ரத்தம் வேறு இயந்திரத்துக்குப் போயிருக்கிறது.

"டார்கெட் நாட் டிடெக்டட்" என்று இருந்தால் இயந்திரத்தின் கண்ணில் வைரஸ் படவே இல்லை. நல்ல செய்திதான். ஆனால் குணமாகிவிட்டது என்று பொருளில்லை. எச்.ஐ.வி. சில அணுக்களுக்குள் சத்தமில்லாமல் பதுங்கியிருக்கும், அங்கே மருந்தால் அதை அழிக்க முடியாது. மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு சில வாரங்களிலேயே வைரஸ் திரும்ப ஏறிவிடும். அந்த வரியை உங்களுக்கு வாங்கிக் கொடுத்ததே மாத்திரைதான்.

படி 4: எண் எந்த வரம்பில் இருக்கிறது?

50க்குக் கீழே என்றால் அடுத்த பரிசோதனைவரை நிம்மதியாக இருக்கலாம். 50க்கு மேல் 200க்குள் ஒரே ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த முறை இறங்கிவிடுவது பலருக்கும் நடப்பதுதான். தொடர்ந்து அப்படியே இருந்தாலோ, 200ஐத் தாண்டினாலோ டாக்டரிடம் பேசுங்கள். 1000 வரை உள்ளதை "அடங்கியிருக்கிறது" என்றே உலக சுகாதார நிறுவனமும் வகைப்படுத்துகிறது. நம் நாட்டு ஏ.ஆர்.டி. மையங்களிலும் 1000தான் எல்லைக்கோடு.

படி 5: பழைய ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வையுங்கள்

ஒற்றை எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சிகிச்சைக்கு முன் எடுத்திருந்த பரிசோதனையில் 2,10,000 இருந்து, ஆறு மாதத்தில் 90 ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "இன்னும் 90 இருக்கிறதே" என்று வருந்த இதில் எதுவுமே இல்லை, மருந்து பிரமாதமாக வேலை செய்திருக்கிறது.

சில ரிப்போர்ட்டில் "லாக்" என்று இன்னொரு எண்ணும் இருக்கும். 1,000 என்றால் லாக் 3, 10,000 என்றால் 4, 1,00,000 என்றால் 5. ஒரு லாக் குறைந்தால் வைரஸ் பத்தில் ஒரு பங்காகிவிட்டது. 0.5 லாக், அதாவது சுமார் மூன்று மடங்கு மாறினால்தான் அதை உண்மையான மாற்றமாக எடுத்துக்கொள்வார்கள். 16,000 இருந்தது 25,000 ஆனால் பார்க்கப் பெரிதாகத் தெரியும், லாக்கில் 4.2 இருந்தது 4.4 ஆகியிருக்கிறது, அவ்வளவே. ஆனால் இரண்டுமே 1000க்கு மேல், எனவே இப்படி எண் வந்தவருக்கு அடுத்த படி கட்டாயம் வேண்டும்.

படி 6: 1000ஐத் தாண்டினால்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இது குற்றப்பத்திரிகை இல்லை. திட்டுவார்களோ என்று பயந்து மையத்துக்குப் போவதை நிறுத்திவிடாதீர்கள். ஆலோசகர் மிச்ச மாத்திரையோடு டப்பாவைக் கொண்டுவரச் சொல்வார், எண்ணிப் பார்ப்பார். விட்டதை விட்டதென்றே சொல்லுங்கள். இரவு ஷிப்ட், வீட்டில் மறைத்துவைத்துச் சாப்பிடவேண்டிய நிலை, குடி, மனச்சோர்வு, எதுவானாலும் சரி. காரணம் தெரிந்தால்தான் வழி சொல்ல முடியும். மாதம் 30 மாத்திரையில் ஒன்றுக்கு மேல் விடக்கூடாது என்பதுதான் கணக்கு.

மாத்திரையே விடாமல் சாப்பிட்டும் ஏறியிருந்தால் கூடவே வேறென்ன சாப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள். இப்போது பெரும்பாலானோருக்குத் தரும் மாத்திரையில் டொலுடெக்ராவிர் இருக்கிறது. ஜெலூசில் போன்ற அசிடிட்டி மருந்து அதை உடம்பில் சேரவிடாது. அந்த மருந்துக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோதான் ஏ.ஆர்.டி. மாத்திரையைப் போடவேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளை சாப்பாட்டோடு என்றால் சேர்த்துப் போடலாம், வெறும் வயிற்றில் என்றால் அதே இடைவெளி. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு டொலுடெக்ராவிரை ஒரு நாளைக்கு இரண்டு வேளை தருவார்கள். ஆகவே டி.பி. மருந்து எடுப்பதை மறைக்கவே கூடாது.

அப்புறம் சுமார் மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டபின் மறுபடி ரத்தம் எடுப்பார்கள். பலருக்கு அதிலேயே இறங்கிவிடும். இறங்காவிட்டால்தான் மருந்தை மாற்றுவதைப் பற்றி நிபுணர் குழு யோசிக்கும். நீங்களாக மாற்றவோ நிறுத்தவோ கூடாது.

படி 7: துணைக்குப் பரவுமா?

கேட்கக் கூச்சப்பட்டு மனசிலேயே வைத்திருக்கும் கேள்வி இது. தெளிவான பதில் இருக்கிறது. ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்து மற்றவருக்கு இல்லாத இணைகளை வைத்து ஐரோப்பாவில் நடந்த பார்ட்னர் ஆய்வில், வைரல் லோடு 200க்குக் கீழே இருந்தவரிடமிருந்து துணைக்கு ஒருமுறைகூட உடலுறவு வழியாகப் பரவவில்லை, ஆணுறை இல்லாதபோதும்கூட. தொடர்ந்து மாத்திரை சாப்பிட்டு வைரஸ் கண்டறிய முடியாத அளவில் இருக்கிறவரை இது பொருந்தும். மற்ற பால்வினை நோய்களுக்கும் தேவையற்ற கர்ப்பத்துக்கும் ஆணுறை வேண்டும். ஊசியைப் பகிர்வதற்கு இந்த உறுதி கிடையாது. தாய்ப்பால் மூலம் பரவும் வாய்ப்பு மிகக் குறைவு என்றாலும் பூஜ்யம் இல்லை. கர்ப்பமாக இருந்தால் மையத்தில் உடனே சொல்லிவிடுங்கள், 32 முதல் 36 வாரத்துக்குள் ஒரு வைரல் லோடு பார்ப்பார்கள். குழந்தைக்கு என்ன மருந்து என்பதை முடிவு செய்ய அது வேண்டும்.

எண் சரியாக இருந்தால் 12ஆவது மாதம் ஒரு முறை, அப்புறம் ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதனை. ரிப்போர்ட்டை போனில் படமெடுத்து வைத்தால் ஸ்கிரீன் லாக் போட்டு வையுங்கள். உங்கள் நிலையை உங்கள் சம்மதமில்லாமல் வெளியே சொல்ல மையத்துக்கும் உரிமையில்லை, 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் அதைத் தடுக்கிறது. ரத்தம் கொடுத்து ரொம்ப நாளாகியும் ரிசல்ட் வரவில்லையா, அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது நீங்களே கேளுங்கள். நேரில் கேட்கத் தயக்கமாக இருக்கும் சந்தேகங்களுக்கு 1097 என்ற தேசிய எய்ட்ஸ் உதவி எண்ணுக்கு அழைக்கலாம், கட்டணம் இல்லை.