டோனி விழா மேடையில் வசன நாடகங்கள்: எங்கே சொதப்புகிறார்கள்?

நியூயார்க்கின் நாடக உலகமான பிராட்வேயின் டோனி விருது விழா 1967இல்தான் முதன்முறையாக அமெரிக்கா முழுக்க ஒளிபரப்பானது. அன்று முதல் தீராத தலைவலி ஒன்று உண்டு: பாட்டில்லாத நாடகத்தை டிவியில் எப்படிக் காட்டுவது? பாட்டும் ஆட்டமுமாகக் கதை சொல்லும் மியூசிக்கலுக்கு இந்தக் கவலை கிடையாது. ஒரு பாட்டை எடுத்தால் அதற்குள்ளேயே தொடக்கமும் ஏற்றமும் முடிவும் இருக்கும். பேச்சையே நம்பும் வசன நாடகமோ இரண்டு மூன்று மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து கனம் பெறுவது.

அதனால் பெரும்பாலும் சில நொடித் துணுக்குகளை ஓட்டிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறார்கள். அதிலும் பொறுக்கி எடுப்பது யாராவது கத்தும் இடம், இல்லையென்றால் அழும் இடம். இதுதான் பெரிய தவறு. பிராட்வே அரங்கில் குறைந்தது 500 இருக்கைகள் இருக்கும். கடைசி வரிசை வரை போய்ச் சேர வேண்டிய நடிப்பு அது. அதைக் குளோசப்பில், முன்கதை எதுவும் இல்லாமல் காட்டினால் நல்ல நடிகரும் மிகையாக நடிப்பவராகத் தெரிவார். அதே ஆள் அதற்கு முன் அமைதியாகப் பேசிய இரண்டு நிமிடத்தைப் போட்டிருந்தால் எவ்வளவோ தேவலை.

2019இல் நாடகாசிரியர்களையே மேடையேற்றிப் பேச வைத்தார்கள். எழுதியவர்களின் முகம் தெரிந்தது, சரி. ஆனால் நாடகம் எதைப் பற்றியது என்று கேட்பது வேறு, நாடகத்தைப் பார்ப்பது வேறு. தன் நாடகத்தில் தானே நடித்த ஹைடி ஷ்ரெக் போன்றவருக்கு அது பொருந்தும். எழுதுபவர் எல்லோரும் மேடைப் பேச்சாளர் இல்லையே!

அப்புறம், நாடகத்துக்குள் பாட்டு இருந்தால் அதையே பிடித்துக்கொள்வது. 2024இல் 13 பரிந்துரைகள் பெற்று, வசன நாடகங்களில் சாதனை படைத்த ‘ஸ்டீரியோபோனிக்’குக்கு அதுதான் நடந்தது. 1970களில் ஒரு ராக் குழு ஸ்டுடியோவில் ஆல்பம் பதிவு செய்யும் கதை. நாடகத்தின் உயிர் அவர்களுடைய சண்டையிலும் சலிப்பிலும் இருக்கிறது. விழாவில் வந்ததோ ஒரு பாட்டு. விவரம் தெரியாதவர் மியூசிக்கல் என்றே நினைத்திருப்பார். ஆனாலும் துணுக்குக்கு இது மேல்; ஒரு முழு விஷயத்தையாவது பார்த்தோம்.

2021 கதை இன்னும் வேடிக்கை. அந்த வருடம் சிபிஎஸ் டிவி ஒளிபரப்பில் நேரலையாகக் கொடுத்தது மூன்றே விருதுகள். அவற்றில் இரண்டு வசன நாடகத்துக்கு. ஆனால் அந்த இரண்டு மணி நேர நிகழ்ச்சியை வடிவமைத்ததே ஒரு கச்சேரியாகத்தான்.

சரியாக அமைந்ததும் உண்டு. 2012இல் ‘ஒன் மேன், டூ கவ்னர்ஸ்’ நாடகத்திலிருந்து நடிகர் ஜேம்ஸ் கார்டன் தன்னோடு தானே சண்டை போடும் காட்சி. முன்கதை தெரிய வேண்டியதில்லை, பார்த்ததும் சிரிப்பு வரும். நகைச்சுவை என்பதால் எளிதாக அமைந்தது என்று சொல்லலாம். ஆனால் கனமான நாடகத்திலும் ஒருவர் கேட்க, மற்றவர் மறுக்கிற ஒரு காட்சி எங்காவது இருக்கும். அதைத் தேடி எடுத்து, பின்னணி இசை போடாமல், மூன்று நிமிடம் வெட்டாமல் ஓடவிட்டாலே போதும்.