மூட்டு ஸ்கேன்களுக்குக் குறியீடு இடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரச வைத்தியசாலைகளில் இலவசமாகச் சிகிச்சை பெற்று வளர்ந்த மலையகத்தவருக்கு, ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஓர் எண்ணை இட்டுக் காப்புறுதி நிறுவனத்திடம் பணம் கோரும் அமெரிக்க முறை பழக்கமில்லாதது. ஹட்டனிலோ பதுளையிலோ இருந்தபடி அந்நாட்டுக்கான மருத்துவக் குறியீட்டு வேலையைக் கற்பவர்கள், மூட்டு ஸ்கேன்களில் நிதானமாக நடக்க வேண்டும்.

வைத்தியரின் கோரிக்கைப் படிவத்தை மட்டும் பார்த்து எண்ணை இடுவதே பெருந்தவறு என்பேன். படிவத்தில் 'கால் எம்.ஆர்.ஐ.' என்று இருந்தாலும், ஸ்கேன் அறிக்கையின்படி படமெடுக்கப்பட்டது முழங்கால் அல்லது கணுக்கால் மூட்டு என்றால் 73721 முதல் 73723 வரையான எண்களும், தொடை போன்ற மூட்டல்லாத பகுதி என்றால் 73718 முதல் 73720 வரையான எண்களுமே பொருந்தும். இடுப்பு மூட்டும் காலின் மூட்டாகவே கொள்ளப்படுவதால், அதற்கு இடுப்பெலும்புக் கூட்டுக்குரிய 72195ஐ இடக்கூடாது. சி.டி. ஸ்கேனில் மூட்டு, மூட்டல்லாத பகுதி என்ற பிரிவே இல்லை. காலுக்கு 73700 முதல் 73702 வரைதான்.

அடுத்தது, படம் தெளிவாகத் தெரிவதற்காகச் செலுத்தப்படும் கொன்ட்ராஸ்ட் மருந்து. அது இல்லாமல் எடுத்த முழங்கால் எம்.ஆர்.ஐ. 73721, அதனுடன் எடுத்தது 73722, முதலில் இல்லாமலும் பின்னர் செலுத்தியும் எடுத்தது 73723. மூன்றாவதற்கு முதலிரண்டையும் சேர்த்து இடுவது, ஒரே வேலைக்கு இருமுறை பணம் கேட்பதாகும். மருந்தை இரத்த நாளத்தில் ஏற்றாமல் நேரே மூட்டுக்குள் செலுத்தினாலும் 'கொன்ட்ராஸ்ட் உடன்' என்றே கொள்ள வேண்டும். அவ்வேளை முழங்காலில் ஊசி ஏற்றியதற்கு 27369 தனியாக உண்டு. முன்பிருந்த 27370, 2019இல் நீக்கப்பட்டது. பழைய குறிப்புகளை வைத்துப் படிப்பவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

எக்ஸ்றேயில் படக்கோணங்களின் எண்ணிக்கையே முக்கியம்: முழங்காலுக்கு ஒன்று அல்லது இரண்டு என்றால் 73560, மூன்று என்றால் 73562, நான்கும் அதற்கு மேலும் என்றால் 73564. வலமா இடமா என்பதை ஆர்.டி., எல்.டி. என்ற பின்னொட்டுகளால் காட்ட வேண்டும்.

இன்ன நோய் என்பதைக் காட்டும் குறியீட்டிலும் அறிக்கையே ஆதாரம். வலது முழங்காலில் முதன்மை மூட்டுத் தேய்வு உறுதியாகி, இடது முழங்காலில் அது இல்லை என்றால் எம்17.11. வெளிநோயாளர் அறிக்கையில் 'இருக்கலாம்' என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால், அந்த நோயின் குறியீட்டை இடாமல், வலது முழங்கால் வலிக்குரிய எம்25.561 போன்ற அறிகுறிக் குறியீட்டுடன் நிறுத்திக்கொள்ள வேண்டும்.